வழவழப்பா, வட்டுடையதா: கேலக்ஸி ஜூ சேவை குறித்த மதிப்புரை

விண்மீன் திரள்கள் எவ்வாறு உருவாயின, எவ்வாறு மாறிவந்தன என்பதை வானியலர்கள் அறியும் விதத்தைப் பற்றி எத்தனையோ நூல்களில் படித்துவிடலாம். அந்த ஆய்வு நடக்கும் இடத்திலேயே ஒரு மூலையில் அமர்ந்து, சிறு வேலையொன்றை வாங்கிச் செய்தும் பார்க்கலாம். இரண்டாவது வழியைத் திறந்துவைத்திருப்பது கேலக்ஸி ஜூ என்னும் இணையச் சேவை. கட்டணம் கிடையாது, தனிச் செயலி வேண்டியதில்லை, உலாவி போதும்; கணக்குத் தொடங்காமலேயே கூட வேலையைத் தொடங்கிவிடலாம். சில மாதங்களாக இரவில் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, சில ஆயிரம் படங்களைப் பார்த்து முடித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

செய்ய வேண்டிய வேலை மிக எளிது. திரையில் ஒரு விண்மீன் திரளின் படம் வருகிறது. அது எந்த அமைப்பும் இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா, வட்டோ வேறு அம்சங்களோ தென்படுகின்றனவா, அல்லது அது திரளே அல்லாமல் ஒரு விண்மீனோ படத்தில் நேர்ந்த கோளாறோ தானா என்பது முதற் கேள்வி. நாம் தரும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறுகிறது. வழவழப்பு என்றால் எவ்வளவு உருண்டை என்று கேட்கும். வட்டு என்றால், அது விளிம்பைக் காட்டி நிற்கிறதா, நடுவில் குறுக்குப் பட்டை ஓடுகிறதா, சுருள்கைகள் எத்தனை, அவை இறுக்கமாகச் சுற்றியவையா தளர்ந்து விரிந்தவையா, நடுப்புடைப்பு எவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொண்டே போகும். இறுதியில், அந்தத் திரள் இன்னொன்றோடு மோதுகிறதா, குலைந்த தோற்றம் உண்டா என்றும் கேட்கும். ஒரு படத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

சரியா தவறா என்று மட்டும் அது சொல்லாது. புதிதாக வருபவருக்கு முதலில் உறுத்துவது இதுதான். எனக்கும் முதல் வாரம் முழுவதும் இது ஒரு குறையாகவே பட்டது. ஆனால் விடை ஏற்கெனவே தெரிந்த படத்தை நமக்குக் காட்ட வேண்டிய தேவையே ஆய்வாளர்களுக்கு இல்லை. நாம் பார்க்கும் திரளுக்கு அதுவரை வடிவம் இன்னதென்று யாரும் முடிவு செய்யவில்லை, நாம் அளிக்கும் வாக்குகளின் பங்கீடே அதன் விடையாகப் பதிவாகப்போகிறது என்பது புரிந்த பிறகு, அந்த மௌனம் குறையாகத் தெரியவில்லை.

வடிவத்தைக் கேட்பதால் என்ன கிடைக்கும் என்ற ஐயம் நியாயமானது. ஒரு விண்மீன் திரள் உருமாறுவதைப் பார்க்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; யாராலும் அது இயலாது. ஆகவே ஒவ்வொரு திரளும் தன் கடந்த காலத்தின் எச்சத்தை எப்படிச் சுமந்து நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் கரும்பொருளின் ஈர்ப்பில் திரண்ட வாயு குளிர்ந்து, சுழற்சி குன்றாமல் படிந்தால் வட்டு உருவாகிறது. எனவே மெல்லிய, ஒழுங்கான வட்டு ஒன்று கண்ணில் பட்டால், அண்மைக் காலத்தில் சம அளவுள்ள இன்னொரு திரளோடு அது மோதியிருக்க வாய்ப்பு குறைவு என்று கொள்ளலாம். அத்தகைய மோதல் நேர்ந்தால் விண்மீன்களின் பாதைகள் கலைந்து எல்லாத் திசைகளிலும் சிதற, வழவழப்பான நீள்வட்ட உருவம் எஞ்சும். குறுக்குப் பட்டை, ஓரளவு அமைதியடைந்த வட்டின் அடையாளம். வட்டின் வாயுவை அது மையத்தை நோக்கித் தள்ளும். நீண்ட வாலும் உடைந்த வளையமும் அண்மையில் நடந்த நெருக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். இவ்வாறு பார்த்தால், கேலக்ஸி ஜூ கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் வரலாறு பற்றிய கேள்விதான். சேவையோ இதை வேலையின் நடுவே விளக்குவதில்லை. கேள்விக்கு அருகே உள்ள உதவிப் படங்கள் எதைத் தேர்வது என்று சொல்லுமே தவிர, ஏன் கேட்கிறோம் என்று சொல்லா. அந்த அறிவை நாமே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இந்தச் சேவை தோன்றிய சூழல், அதன் இன்றைய வடிவத்தையும் விளக்குகிறது. சுலோன் எண்ணிம வான்தேடல் என்னும் திட்டம், நியூ மெக்சிகோவில் அபாச்சி பாயிண்ட் வானாய்வகத்தில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியால் 2000 ஆம் ஆண்டு முதல் வானத்தைப் படமெடுத்துவந்தது. அதில் குவிந்த திரள்களின் எண்ணிக்கை, ஒருவர் வாழ்நாளில் பார்த்து முடிக்கக்கூடியதன்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கெவின் ஷவின்ஸ்கி ஒரே வாரத்தில் 50,000 திரள்களைத் தம் கண்ணாலேயே வகைப்படுத்திக் களைத்துப்போனார். அவரும் கிறிஸ் லின்டாட் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து, 2007 ஜூலையில் ஏறத்தாழ 9 லட்சம் திரள்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஒரு நாளுக்குள்ளாகவே மணிக்கு 70,000 வகைப்பாடுகள் என்ற அளவில் விடைகள் வந்து சேர்ந்தன. முதல் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1.5 லட்சம் பேர் 5 கோடிக்கும் மேற்பட்ட வகைப்பாடுகளைச் செய்துவிட்டார்கள். அப்போது இருந்தவை ஆறே பொத்தான்கள். 2009 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான், மேலே சொன்ன கிளைவிடும் கேள்விகள் வந்தன. 3 லட்சத்துக்குச் சற்று அதிகமான திரள்களுக்கு 1.6 கோடிக்கும் மேற்பட்ட வகைப்பாடுகள் அதில் திரண்டன.

பயிற்சி இல்லாத ஒருவரின் சொல்லை நம்பலாமா? யாருடைய தனிச் சொல்லையும் அவர்கள் நம்புவதில்லை. ஒரே திரளைப் பல பத்துப் பேர் பார்க்கிறார்கள். நூற்றுக்கு எண்பது பேர் பட்டை உண்டு என்றால் அது ஒரு தகவல். நாற்பது பேர் உண்டென்றும் அறுபது பேர் இல்லையென்றும் பிரிந்தால் அதுவும் ஒரு தகவல்தான், ஏனெனில் அது பெரும்பாலும் நலிந்த பட்டையாகவோ, தெளிவற்ற படமாகவோ இருக்கும். தனியொரு வல்லுநர் தரும் ஒற்றை விடையில் இந்தத் தயக்கம் பதிவாகாமல் போய்விடும். தொடக்கத்தில் ஒவ்வொரு படத்தின் முன்னும் நீண்ட நேரம் தயங்கி, பெரிதாக்கிப் பார்த்து, பின்னோக்கிச் சென்று மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது முதல் பார்வையில் தோன்றுவதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். சேவையின் வழிகாட்டுதலும் அதைத்தான் விரும்புகிறது.

நம்புவதற்கு இன்னும் வலுவான காரணம், தங்கள் பயனர்களின் பிழையை அவர்களே அளந்து வெளியிட்ட விதம். முதற்கட்டத்தில், சுருள்கள் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்ற கேள்வி இருந்தது. வானத்தின் பெரும்பரப்பில் சுருள்கள் ஒரு பக்கமாகச் சுழல விரும்புகின்றனவா என்று பார்ப்பது நோக்கம். வந்த விடைகளில் இடஞ்சுழிகள் கூடுதலாக இருந்தன. அண்டம் முழுவதற்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு என்று அறிவித்திருந்தால் பரபரப்பாக இருந்திருக்கும். அவர்களோ, ஒரு பகுதிப் படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். அப்போதும் இடஞ்சுழிகளே மிகுந்தன. சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவரிடம் இருந்தது. ஒரு சேவை தன் பயனர்களிடம் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

தொலைவு உண்டாக்கும் பிழை இதைவிட நுட்பமானது. ஒரே மாதிரியான இரண்டு சுருள் திரள்களில் ஒன்றை அருகிலும் மற்றொன்றைத் தொலைவிலும் வைத்தால், தொலைவில் உள்ளது சிறுத்து, மங்கி, கைகள் கரைந்து, வழவழப்பாகத் தெரியும். அதை அப்படியே எண்ணினால், கடந்த காலத்தில் வழவழப்பான திரள்களே மிகுதி என்ற பொய்யான வரலாறு எழுதப்பட்டுவிடும். இதற்கு ஈடு செய்யும் திருத்தக் கணக்கை ஆய்வாளர்கள் வாக்குகளின்மேல் செலுத்துகிறார்கள். திரையிலோ, தொலைவைக் கணிக்க உதவும் செம்பெயர்ச்சியும் (ஒளி சிவப்பு நோக்கி நகர்ந்திருக்கும் அளவு) இல்லை, தொலைவும் இல்லை, அளவுகோலும் இல்லை. அவை தெரிந்தால் நம் விடை அவற்றுக்கேற்பச் சாயும் என்பதால் இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனாலும், கண்முன் உள்ள ஒளி 50 கோடி ஆண்டுப் பழமையுடையதா 500 கோடி ஆண்டுப் பழமையுடையதா என்று தெரியாமலேயே அதைக் கடந்துபோவதில் ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கத்தான் செய்கிறது.

எதிர்பாராத பொருள்களுக்கு இந்தச் சேவை இடம் வைத்திருந்தது அதன் பெருஞ்சிறப்பு. 2007 இல் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஐசி 2497 என்னும் திரளுக்குப் பக்கத்தில் விளக்க முடியாத ஒரு மேகப்படலத்தைக் கண்டு, அது என்ன என்று கேட்டார். ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒரு திரள் அளவுக்குப் பரந்து, அயனியாக்கப்பட்ட ஆக்சிஜனின் பச்சை ஒளியை வீசிக்கொண்டிருந்தது அது. டச்சு மொழியில் 'பொருள்' என்று மட்டுமே பொருள்படும் 'ஃபோர்வெர்ப்' என்ற சொல் அவர் பெயரோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. ஐசி 2497 இன் மையத்தில் உள்ள பெருங்கருந்துளை ஒருகாலத்தில் குவேசராக, அதாவது தன்னுள் விழும் பொருளால் பேரொளி வீசும் மையமாக, கொழுந்துவிட்டு எரிந்திருக்கிறது. கடந்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் அது அடங்கிப்போயிருக்கிறது. அதன் பழைய ஒளி இன்னும் அந்த வாயுவை ஒளிரச் செய்துகொண்டிருக்கிறது என்பது பின்னர் தெளிந்த விளக்கம். கருந்துளைகள் விழித்து எரிவதும் அணைவதும் திரளின் வாழ்வில் எவ்வளவு விரைவாக நடக்கக்கூடும் என்பதற்கு அது நேரடிச் சான்று. பின்னர் தன்னார்வலர்கள் தேடியதில் இதே வகையான மேகங்கள் 19 திரள்களைச் சுற்றி உறுதிசெய்யப்பட்டன.

பச்சைப் பட்டாணிகளின் கதையும் அப்படித்தான். சிறிய, உருண்டையான, பச்சையான புள்ளிகள் சில படங்களில் தென்படுவதைப் பயனர்கள் தாமாகவே திரட்டத் தொடங்கினார்கள். 2009 இல் வெளியான ஆய்வு அவற்றில் சுமார் 250 ஐப் பட்டியலிட்டது. நம் பால்வழியைவிட மிகச் சிறியவை, கனமான தனிமங்கள் குறைந்தவை. தம் எடைக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் விண்மீன்களை உருவாக்குபவை. அருகிலேயே இருக்கும் இவை தொல்காலத் திரள்களின் சாயலைத் தாங்கியிருப்பதால் பிறகு மேலும் கவனிக்கப்பட்டன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 1300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சில திரள்களின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, பதிந்தபோது, அவற்றுக்கு ஒப்பாகச் சொல்லப்பட்டவை இந்தப் பட்டாணிகள்தான்.

அறிவியலில் இதனினும் ஆழமான விளைவு, பரபரப்பில்லாத ஓர் எண்ணிக்கையில் இருக்கிறது. நீல நிறத் திரளில் இளம் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன, சிவந்த திரளில் பிறப்பு நின்றுவிட்டது. சுருள்கள் நீலம், நீள்வட்டங்கள் சிவப்பு என்பது பொது விதி. இந்த விதியை நம்பிப் பலர் நிறத்தையே வடிவத்துக்குப் பதிலாகப் பயன்படுத்திவந்தார்கள். லட்சக்கணக்கான திரள்களின் வடிவம் நிறத்தைச் சாராமல் கிடைத்தபோது, சிவப்புச் சுருள்களும் நீல நீள்வட்டங்களும் தனிக் கூட்டங்களாக எழுந்து நின்றன. நெரிசலான திரள்கொத்துகளின் அருகே, வடிவம் மாறுவதைவிட நிறம் மாறுவது மிகுதி என்பதும் தெரிந்தது. அதாவது, வட்டைக் குலைக்காமலேயே ஒரு திரளின் விண்மீன் பிறப்பை நிறுத்திவிடும் வழிகள் உண்டு. நீலத்திலிருந்து சிவப்புக்குச் செல்லும் இடைவழியான 'பச்சைப் பள்ளத்தாக்கை'யும் எல்லாத் திரள்களும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை: நீள்வட்டங்கள் விரைந்து கடக்கின்றன, வட்டுடையவையோ, புது வாயு வரத்து நின்றபின் இருப்பதைச் செலவழித்துக்கொண்டு 100 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மெல்ல நகர்கின்றன.

பட்டைகளின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அருகிலுள்ள வட்டுத் திரள்களில் சுமார் 29 விழுக்காட்டில் பட்டை உண்டு என்றும், சிவந்த வட்டுகளில் அது கூடுதல் என்றும் வாக்குகள் காட்டின. பிறகு ஹப்பிள் படங்களைக் கொண்டு பின்னோக்கிப் பார்த்தபோது, 420 கோடி ஆண்டுகளுக்கு முன் 22 விழுக்காடாக இருந்த தெளிவான பட்டைகள், 780 கோடி ஆண்டுகளுக்கு முன் 11 விழுக்காடாகக் குறைந்திருந்தன. வட்டுகள் காலப்போக்கில் நிதானமடைந்ததைக் காட்டும் எண்கள் இவை. வெப் தொலைநோக்கி வந்த பிறகு இன்னும் முந்தைய காலத்திலும் பட்டைகள் காணப்பட்டுள்ளன என்பதால் இக்கதை முடியவில்லை. நடுவில் ஒரு கீற்று இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்த வேலை இத்தகைய வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சேர்கிறது என்று தெரிந்ததிலிருந்து, பட்டைக் கேள்வி வந்தால் மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இதை மட்டும் பயன்படுத்தினால் முழுப் படம் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வடிவம் என்பது வானியலர்கள் கையாளும் கருவிகளில் ஒன்றே. திரளின் தொலைவையும் வயதையும் வேதிக் கூறுகளையும் நிறமாலைதான் தரும். உள்ளே வாயுவும் விண்மீன்களும் எத்திசையில் ஓடுகின்றன என்பதை அறிய, ஒரே திரளின் பல இடங்களிலிருந்து நிறமாலை எடுக்க வேண்டும். ஏறத்தாழ 10,000 திரள்களுக்கு அவ்வாறு செய்த மங்கா திட்டம் 2014 முதல் 2020 வரை நடந்தது. குளிர்ந்த வாயுவை ரேடியோ தொலைநோக்கிகள் பார்க்கின்றன. இயற்பியல் விதிகளைக் கொண்டு கணினியில் உருவாக்கிய போலி அண்டங்களோடு ஒப்பிடுவது இன்னொரு துறை. இல்லஸ்ட்ரிஸ் என்னும் போலி அண்டத்தின் திரள்களைக் கேலக்ஸி ஜூ ஒருமுறை தன் பயனர்களிடமே காட்டியது. மிகப் பெரியவை நீங்கலாக மற்றவை, உண்மைத் திரள்களைவிட அதிக அம்சங்களோடு தோன்றின. போலியின் இயற்பியலில் எங்கே பிசகு என்று தேட அது ஒரு துப்பு. நிறமாலையை அறிய விரும்புபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: சுலோன் தேடலின் படங்களுக்கு, ஸ்கைசர்வர் என்னும் கட்டணமற்ற இன்னொரு சேவையில் வானில் திரளின் இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயங்களை இட்டால், அந்தத் திரளின் நிறமாலையும் செம்பெயர்ச்சியும் இருந்தால் கிடைத்துவிடும். இரண்டையும் அருகருகே திறந்துவைத்துப் பார்ப்பது, ஒன்றை மட்டும் பார்ப்பதைவிடப் பன்மடங்கு பயன் தருகிறது. எனக்கு வழவழப்பான உருண்டையாகத் தெரிந்த ஒன்று, நிறமாலையில், வாயு ஒளிர்வதைக் காட்டும் வலுவான ஒளிர்கோடுகளோடு எழுந்து நின்ற நாளில், படத்தைப் பார்த்து நான் கட்டியிருந்த கதை முழுவதையும் கைவிட நேர்ந்தது.

இன்று படங்களைக் கணினியே வகைப்படுத்திவிடுமே என்று கேட்கலாம். வகைப்படுத்துகிறது, அதற்குக் கற்றுக்கொடுத்தவர்களும் இந்தப் பயனர்களே. அவர்களுடைய வாக்குகளால் பயிற்றுவிக்கப்பட்ட ஜூபாட் என்னும் நிரல், 2023 இல் வெளியான ஒரு பட்டியலில் சுமார் 87 லட்சம் திரள்களின் வடிவத்தைக் கணித்தது. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்தொலைநோக்கியின் படங்கள் 2024 ஆகஸ்டில் கேலக்ஸி ஜூவில் வைக்கப்பட்டபோது, ஒரே மாதத்தில் ஏறத்தாழ 10,000 பேர் அவற்றைப் பார்த்தார்கள். அவ்விடைகளைக் கற்ற ஜூபாட், 2025 மார்ச்சில் வெளியான முதல் தொகுப்பில் 3.8 லட்சம் திரள்களை வகைப்படுத்தியது. இதன் விளைவைப் புதுப் பயனர் தெரிந்துகொள்வது நல்லது. எந்தப் படத்தை மனிதர் பார்த்தால் தனக்கு அதிகம் கற்க முடியும் என்று நிரல் தேர்ந்தெடுக்கும் முறை சில கட்டங்களில் பின்பற்றப்பட்டதால், எளிய, அழகிய சுருள்கள் குறைந்து, இழுபறியான உருவங்கள் கூடுதலாக வரக்கூடும். சுவரொட்டியில் பார்த்த திரள்களை எதிர்பார்த்து வருபவர் அரை மணி நேரத்தில் மங்கிய முட்டை வடிவங்களால் சலிப்படையலாம்.

அந்தச் சலிப்பைத் தாங்கக்கூடியவருக்கே இச்சேவையைப் பரிந்துரைப்பேன். வானியலைக் கதையாகக் கேட்க விரும்புபவருக்கு இது ஏற்றதன்று. பள்ளி மாணவருக்குத் தரலாம், ஆனால் அருகில் அமர்ந்து பட்டை எது, புடைப்பு எது, அவை எதைச் சொல்கின்றன என்று விளக்க ஒருவர் வேண்டும். கைப்பேசியின் சிறு திரையில் நலிந்த கைகள் தெரிவதில்லை என்பதால், வெளிச்சம் குறைந்த அறையில் பெரிய திரையில் பார்ப்பது நல்லது. தேடல்கள் மாறும்போது படங்களின் தன்மையும் மாறுகிறது: ஹப்பிளின் தொலைதூரத் திரள்கள் கட்டிகட்டியாகச் சிதறித் தெரியும், ஏனெனில் அங்கிருந்து புற ஊதாவாகக் கிளம்பிய ஒளியே நமக்குக் கட்புல ஒளியாக வந்து சேர்கிறது, அது இளம் விண்மீன்கள் உள்ள இடங்களை மட்டுமே காட்டும். அகச்சிவப்பில் பார்க்கும் வெப்பின் படங்களில் அதே காலத்தைச் சேர்ந்த பல திரள்கள் அமைதியான வட்டுகளாக வெளிப்படுகின்றன. ஆகவே ஒரு படத்தொகுப்பில் பழகிய கண்ணை அடுத்த தொகுப்புக்கு அப்படியே எடுத்துச்செல்லாமல், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள பயிற்சிக் குறிப்பைப் படித்துவிடுங்கள். நான் அதைத் தவிர்த்துவிட்டு நேரே புகுந்ததால், முதல் நாற்பது ஐம்பது படங்களில் கட்டிகளையெல்லாம் மோதல்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். அண்மை அண்டத்தில் மோதிக்கொண்டிருக்கும் திரள்கள் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் என்று இதே திட்டத்தின் கணக்கு சொல்கிறது. அந்த நாற்பதையும் மற்றவர்களின் வாக்குகள் இந்நேரம் மூழ்கடித்திருக்கும்.